உளிக்கு முன் கல்: சிற்பம் பழக வருபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

கல்லில் சிற்பம் செதுக்கப் பழக ஆசைப்படுபவர்கள் முதலில் விசாரிப்பது உளியைத்தான். எந்த உளி நல்லது, எங்கே கிடைக்கும், என்ன விலை? என் பதில் எப்போதும் ஒன்றுதான்: உளி அப்புறம், முதலில் கல். பூமிக்குள் ஒரு கல் எப்படி உருவானதோ அப்படித்தான் அது உடையும், தெறிக்கும், தேயும், மெருகேறும். மாமல்லபுரத்துச் சிலைகள் அதிக நகையில்லாமல் வழவழவென்று இருப்பதற்கும், கர்நாடகத்து ஹளேபீடுச் சிலைகள் தலைமுதல் கால்வரை நகையால் மூடியிருப்பதற்கும் சிற்பிகளின் ரசனை ஒரு காரணம். அவர்கள் கையில் கிடைத்த கல் இன்னொரு காரணம்.

புவியியலும் தெரியாது, கருவியும் தொட்டதில்லை என்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். கல்லை அடையாளம் கண்டு, சோதித்து, கடைசியில் மாக்கல்லில் ஒரு சிறிய காளையைச் செதுக்கி முடிப்பதுவரை போகலாம்.

படி 1: கல் பிறந்த கதையைத் தெரிந்துகொள்ளுங்கள்

பள்ளியில் படித்த மூன்று வகைதான்: தீப்பாறை, படிவுப் பாறை, உருமாறிய பாறை. அன்றைக்கு மதிப்பெண்ணுக்காக மனப்பாடம் செய்ததைச் சிற்பியின் கண்ணோடு மறுபடி பார்க்க வேண்டும்.

தீப்பாறை என்பது உருகிய குழம்பு ஆறி இறுகியது. எவ்வளவு மெதுவாக ஆறியது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. சர்க்கரைப் பாகை அசைக்காமல் நாள்கணக்கில் விட்டால் பெரிய கற்கண்டு கட்டும். அவசரமாக ஆற்றினால் பொடியாகத்தான் படியும். நிலத்துக்குள் பல கிலோமீட்டர் ஆழத்தில், லட்சக்கணக்கான ஆண்டுகள் ஆறிய குழம்புதான் கிரானைட். அதனால்தான் அதன் படிகங்கள் வெறும் கண்ணுக்கே தெரிகின்றன. ஒரு துண்டை வெயிலில் திருப்பிப் பாருங்கள். கண்ணாடிச் சில்லுபோலச் சாம்பல் நிறத்தில் இருப்பது குவார்ட்ஸ். வெள்ளையாகவோ வெளிர் ரோஜா நிறமாகவோ தட்டையான முகத்தோடு மின்னுவது ஃபெல்ட்ஸ்பார். கறுப்புச் செதிலாகப் பளிச்சிடுவது மைக்கா. இவை ஒன்றுக்குள் ஒன்று கோத்துக்கொண்டு நிற்கின்றன. கிரானைட்டின் வலிமை அந்தக் கோப்பில் இருக்கிறது.

அதே கோப்புதான் சிற்பிக்கு எல்லையும் போடுகிறது. மூன்று மில்லிமீட்டர் படிகங்கள் உள்ள கல்லில் ஒரு மில்லிமீட்டர் கோடு இழுக்கப் போனால், கோடு விழாது, ஒரு படிகம் முழுசாகப் பெயர்ந்து வரும். மூக்கு நுனியில் அப்படி ஒன்று பெயர்ந்தால் முகமே போச்சு. அதனால், நுண்ணிய வேலைப்பாடு வேண்டுமென்றால் நுண்ணிய படிகமுள்ள கல்லைத் தேட வேண்டும்.

வெளியே வழிந்து சீக்கிரம் ஆறிய குழம்பு பசால்ட். படிகங்கள் கண்ணுக்குத் தெரியாத அளவு சிறியவை. தக்காணத்தில் சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் அடுக்கடுக்காகப் பரவிய எரிமலைக் குழம்பில்தான் அஜந்தாவும் எல்லோராவும் குடையப்பட்டன. 8-ஆம் நூற்றாண்டின் எல்லோரா கைலாசநாதர் கோயில், மலையை மேலிருந்து கீழாக வெட்டி இறக்கிய ஒரே கல் வேலை. ஆறும்போது வாயுக் குமிழிகள் சிக்கிய பசால்ட்டில் சிறு துளைகள் இருக்கும். அந்தத் துளை எங்கே வரும் என்று வெளியிலிருந்து சொல்ல முடியாது.

படிவுப் பாறை மணலோ, சேறோ, கிளிஞ்சலோ அடுக்கடுக்காகப் படிந்து, மேலே ஏறிய எடையில் இறுகியது. மணற்கல்லும் சுண்ணாம்புக்கல்லும் இந்த வகை. செதுக்கச் சுகமான கல். பாதாமிக் குகைகளின் சிவந்த சிற்பங்கள் மணற்கல். அமராவதித் தூபியின் வெண்சிற்பங்கள் சுண்ணாம்புக்கல். அவற்றில் ஒரு பெரும் பகுதி சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது, கையெட்டும் தூரத்தில் நின்று பார்க்கலாம். ஒரு விரற்கடை ஆழத்துக்குள் கூட்டம், குதிரை, மரம், மாடம் என்று எத்தனை அடுக்கு வைத்திருக்கிறார்கள் பாருங்கள். கிரானைட்டில் இதே வேலைக்கு இன்னும் எத்தனையோ மடங்கு உழைப்பு போயிருக்கும்.

மணற்கல்லின் பலவீனத்தைப் பார்க்கக் காஞ்சி கைலாசநாதர் கோயிலுக்குப் போங்கள். 8-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பல்லவ மன்னன் இராஜசிம்மன் எழுப்பியது. அடித்தளத்துக்குக் கிரானைட், மேலே மணற்கல். அடித்தளம் இன்னும் திடமாக நிற்க, மேலே பல சிம்மங்களும் தெய்வங்களும் முகம் கரைந்து நிற்கின்றன. பல இடங்களில் பிற்காலத்தவர் சுதை பூசி ஒட்டுப்போட்டிருக்கிறார்கள். மணலை மணலோடு பிணைத்திருக்கும் பொருள் மழையிலும் உப்பிலும் கரைந்தால் மறுபடி மணல்தான். இதிலிருந்து ஒரு விதி: படிவுப் பாறையைப் பூமியில் எப்படிப் படுத்திருந்ததோ அப்படியே படுக்கை வாட்டத்தில் வையுங்கள். அடுக்குகள் செங்குத்தாக நிற்கும்படி நிறுத்தினால், காலப்போக்கில் முகப்பு ஏடு ஏடாக உரிந்துவிடும்.

உருமாறிய பாறைதான் எனக்கு மிகவும் பிடித்தது. இருந்த பாறையே வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருகாமல் உள்ளுக்குள் மாறியது. சுண்ணாம்புக்கல் மாறினால் சலவைக்கல். எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி வெட்டுப்படுவதால் மேற்கத்தியச் சிற்பிகள் அதை விரும்பினார்கள். மைக்கேலாஞ்சலோ 1501 முதல் 1504 வரை செதுக்கிய தாவீது, இத்தாலியின் கராரா சலவைக்கல். தாஜ்மகாலின் வெண்மை ராஜஸ்தானின் மக்ரானாவிலிருந்து வந்தது.

மெக்னீசியம் மிகுந்த பாறைகள் மாறினால், டால்க் என்ற மிக மென்மையான கனிமம் நிறைந்த மாக்கல் கிடைக்கும். வத்தக்குழம்பு வைக்கிற கல்சட்டி இந்தக் கல்தான். ஹொய்சளர் பேலூரிலும் ஹளேபீடிலும் பயன்படுத்திய பச்சைச் சாம்பல் கல்லும் இதற்கு நெருங்கிய சொந்தம். அங்குள்ள மதனிகைகள் என்ற பெண் சிலைகளின் கழுத்து மாலைக்குப் பின்னால் ஆழமாகக் குடைந்திருப்பதற்குக் கல்லின் மென்மை இடம் கொடுத்தது.

நம்மூரில் பேர் வாங்கிய ஒன்று சார்னோக்கைட். சென்னை பரங்கிமலையும் பல்லாவரமும் இந்தக் கல். உயர்ந்த வெப்பத்தில் நிலத்தடியில் வெந்து உருவான, எண்ணெய் தடவியதுபோல் மங்கிய நீலச்சாம்பல் நிறமுள்ள கல். வயது 250 கோடி ஆண்டுகளுக்குமேல். கொல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறைக்கு இதே கல்லை வைத்திருந்தார்கள். அதை ஆராய்ந்த தாமஸ் ஹாலந்து 1893-இல் இந்தப் பாறைக்குச் சார்னாக்கின் பெயரையே வைத்தார். பரங்கிமலைப் பாறை இன்று தேசியப் புவியியல் நினைவுச்சின்னம்.

படி 2: கையில் எடுத்த கல்லைச் சோதியுங்கள்

கடைப் பெயர்களை நம்பாதீர்கள். கடையில் பளபளவென்று மெருகேறும் கல் எல்லாமே 'கிரானைட்'தான். 'பிளாக் கிரானைட்' என்று விற்பதில் பெரும்பாலானவை டோலரைட்டோ காப்ரோவோ, அதாவது வேறு வகைக் கறுப்புத் தீப்பாறைகள். கல்லை நீங்களே விசாரித்துவிடுங்கள்.

கடினத்தை அளக்க மோஸ் அளவுகோல் உண்டு: டால்க் 1, வைரம் 10. அளவுகோலை வாங்க வேண்டாம். கை நகம் சுமார் 2.5, நகம் கீறினால் மாக்கல்லாக இருக்கலாம். எஃகுக் கத்தி சுமார் 5.5, நகம் கீறாமல் கத்தி கீறினால் சலவைக்கல்லோ சுண்ணாம்புக்கல்லோ. கத்தி வழுக்கிக்கொண்டுபோய்க் கல்மேல் இரும்புக் கோடு மட்டும் விழுந்தால் குவார்ட்ஸ் அல்லது ஃபெல்ட்ஸ்பார் உள்ள கல், அதாவது கிரானைட் வகை. மணற்கல் மட்டும் ஏமாற்றும். அதன் மணல்மணி கடினமானதுதான், ஆனால் கத்தி பட்டதும் மணி மணியாக உதிரும்.

சுண்ணாம்பா இல்லையா என்று பார்க்க, ஒரு மூலையைச் சுரண்டிப் பொடியாக்கி வினிகரோ எலுமிச்சைச் சாறோ ஒரு சொட்டு விடுங்கள். நுரைத்தால் சுண்ணாம்புக்கல் அல்லது சலவைக்கல்.

அடுத்தது ஓசை. சிற்ப நூல்கள் கல்லை ஆண் கல், பெண் கல், அலிக் கல் என்று பிரிக்கின்றன. தட்டினால் மணிபோலக் கணீரென்று ஒலிப்பது ஆண் கல் என்றும், ஓசையே எழாதது அலிக் கல் என்றும் சொல்வார்கள். சிலைக்கு ஆகாதென்று ஒதுக்கியது ஓசையில்லாத கல்லை. இதில் நல்ல அறிவியல் இருக்கிறது. உள்ளே விரிசல் இல்லாத கல்லில் அதிர்வு தடையில்லாமல் ஓடும், அதனால் ஒலி நீளும். விரிசல் இருந்தால் அங்கேயே அடங்கி 'டப்' என்று கேட்கும். கல்லைத் தரையில் வைத்துத் தட்டாதீர்கள். இரண்டு மரக்கட்டைமேல் ஏற்றி வைத்து, சிறு சுத்தியால் பல இடங்களில் தட்டி, காதைக் கிட்டே வைத்துக் கேளுங்கள்.

எல்லாவற்றிலும் நம்பகமானது தண்ணீர்ச் சோதனை. கல்லை முழுக்க நனைத்து நிழலில் வைத்துவிட்டுப் பக்கத்திலேயே இருங்கள். மேற்பரப்பு முதலில் காய்ந்து வெளுக்கும். விரிசல் இருக்கும் இடத்தில் மட்டும் உள்ளே புகுந்த தண்ணீர் வெளியே கசிந்துகொண்டிருக்கும். அதனால் தலைமுடி கனத்தில் ஒரு கருங்கோடு காயாமல் நிற்கும். நனைக்கும் முன்பும் தெரியாது, முழுசாகக் காய்ந்த பிறகும் தெரியாது. அந்தச் சில நிமிடங்களில் பென்சிலால் அதன்மேல் குறித்துவிட வேண்டும். கோடு ஒரு பக்கத்தில் தொடங்கி அடுத்த பக்கத்துக்கும் தொடர்ந்தால் அந்தக் கல்லை விட்டுவிடுங்கள். ஓரத்தோடு முடிந்தால், அந்த ஓரத்தை வெட்டிக் கழிக்கும்படி உருவத்தைத் திட்டமிடலாம்.

படி 3: முடியாத சிற்பங்களைப் போய்ப் பாருங்கள்

முடிந்த சிலை வேலையை மறைத்துவிடும். முடியாத சிலைதான் பாடம் நடத்தும். மாமல்லபுரத்தில் அப்படி எத்தனையோ இருக்கின்றன. பாறை முகத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, கட்டங்களின் ஓரத்தில் ஆழமாக வாய்க்கால் வெட்டி, நடுவில் துருத்தி நிற்கும் சதுரங்களைத் தட்டி உடைத்து, மறுபடி அடுத்த ஆழத்துக்குக் கட்டம் போட்டிருக்கிறார்கள். கிரானைட் வகைப் பாறையைச் சீவ முடியாது, உடைத்துத்தான் எடுக்க வேண்டும் என்பதை அந்தச் சதுரங்கள் சொல்லிவிடும்.

அர்ச்சுனன் தபசு என்றும் சொல்லப்படும் பெருந்தவச் சிற்பத்தின் எதிரில் நின்றால் பாறைக்கு நடுவே மேலிருந்து கீழே ஓடும் இயற்கையான பிளவைப் பாருங்கள். வேறு யாராவது இருந்தால் இந்தப் பாறை பிளந்திருக்கிறது என்று ஒதுக்கியிருப்பார்கள். அந்தச் சிற்பிகள் பிளவையே ஆறாக்கி, நாகர்களை அதில் நீந்தவிட்டார்கள். மேலே தொட்டி கட்டி உண்மையாகவே தண்ணீர் வழியவிட்டதற்கான அடையாளமும் இருக்கிறது. கல்லின் குறையைத் திட்டத்துக்குள் இழுத்துக்கொள்வதற்கு இதைவிடப் பெரிய எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது.

தெற்கே இருப்பவர்களுக்குக் கழுகுமலை வெட்டுவான் கோயில். 8-ஆம் நூற்றாண்டுப் பாண்டியர் வேலை. மேலே விமானமும் சிற்பங்களும் முடிந்திருக்க, கீழ்ப்பகுதி வெறும் பாறையாக நிற்கிறது. சாரம் கட்டாமல், நிற்கும் பாறையே மேடையாக இருக்க, மேலிருந்து கீழே இறங்கி வந்ததால் இந்த வரிசை.

பார்க்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். பழைய கிரானைட் சிலைகளில் கையும் உடம்பும் எங்கே ஒட்டியிருக்கின்றன, எங்கே பிரிகின்றன? நந்தியின் கால்கள் மடங்கி உடலுக்கடியில் போகும். வால் தொடையோடு ஒட்டிக்கிடக்கும். கிரானைட் அமுக்கத்தைத் தாங்கும், வளைவைத் தாங்காது. மெல்லிசாக நீட்டினால் முறியும். காஞ்சி வரதராசர் கோயில் மண்டபத்தில் தொங்கும் கற்சங்கிலிகள் இதற்கு விதிவிலக்கு. அவை தலைமுறைகளாகக் கல்லோடு வாழ்ந்தவர்களின் கைவேலை. முதல் சிற்பத்துக்கு நந்தியே ஆசான்.

படி 4: முதல் கல்லாக மாக்கல் வாங்குங்கள்

கோயிலிலிருந்தோ, தொல்லியல் இடத்திலிருந்தோ, காட்டுப் பாறையிலிருந்தோ ஒரு சில்லுகூட எடுக்காதீர்கள். சிற்பப் பட்டறைகளிலும், கல்சட்டி செய்பவர்களிடமும் கழிவுத் துண்டுகள் கிடைக்கும். கேட்டு, பணம் கொடுத்து வாங்குங்கள்.

20 செ.மீ. நீளம், 10 செ.மீ. அகலம், 12 செ.மீ. உயரம் போதும். எடை ஆறரைக் கிலோ அளவில் வரும். அந்த எடை வேண்டும். உளிபடும்போது நகராமல் இருக்க அதுவே உதவும். மாக்கல்லில் சில துண்டுகளுக்கு ஏடு ஓட்டம் உண்டு. நனைத்துப் பார்த்தால் இழை ஓடும் திசை தெரியும். இழை காளையின் நீளவாக்கில் ஓடும்படி வைத்துக்கொள்ளுங்கள்.

படி 5: கருவியும் மூச்சும்

அரைக் கிலோ சுத்தியல், ஒரு கூர் உளி, ஒரு பட்டை உளி, முடிந்தால் ஒரு பல் உளி, முரட்டு அரம் ஒன்று, நைஸ் அரம் ஒன்று, வட்ட அரம் ஒன்று, பழைய ஹேக்சா பிளேடு, 120 முதல் 1000 வரை வாட்டர் பேப்பர். கல்லை உட்கார வைக்க ஒரு சிறு மணல் மூட்டை. இவ்வளவுதான்.

கருவியைவிட முக்கியம் மூச்சு. கிரானைட்டில் ஐந்தில் ஒரு பங்குக்குக் குறையாமல் குவார்ட்ஸ் இருக்கும். மணற்கல்லில் பெரும்பகுதியே அதுதான். அதன் நுண்தூசி நுரையீரலில் தங்கிச் சிலிகோசிஸ் வரவைக்கும். வந்தால் குணப்படுத்த மருந்து இல்லை. கல் குவாரிகளிலும் பட்டறைகளிலும் எத்தனையோ உழைப்பாளிகளின் ஆயுளைச் சுருக்கிய நோய் இது. மாக்கல் தூசியும் நல்லதல்ல. சில மாக்கல்லில் அஸ்பெஸ்டாஸ் இழைகள் கலந்திருக்கும், அதனால் நார்நாராகப் பிரியும் துண்டைத் தொடவே வேண்டாம். மூக்கில் வெறும் துணியைக் கட்டிக்கொண்டு வேலை செய்வது பாதுகாப்பு இல்லை. முகத்தில் இறுக்கமாகப் பதியும் என்95 அல்லது அதற்கு மேற்பட்ட முகக்கவசம், பக்கவாட்டையும் மூடும் கண்ணாடி, திறந்தவெளி, ஈரம் இந்த நான்கும் கட்டாயம். வேலை முடிந்ததும் துடைப்பத்தால் பெருக்காதீர்கள், ஈரத்துணியால் துடைத்தெடுங்கள். வேலைத் துணியை உதறாமல், தனியாக நனைத்துத் துவையுங்கள்.

படி 6: படுத்த காளையைச் செதுக்குங்கள்

முதலில் களிமண்ணில் அதே அளவில் ஒரு காளை பிடியுங்கள். அழகாக வர வேண்டியதில்லை. எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால் எது தெரியும் என்பது மண்டையில் ஏறினால் சரி.

கல்லின் எல்லாப் பக்கத்திலும் நடுக்கோடு போடுங்கள். ஸ்தபதிகள் நூலைக் காவியில் தோய்த்து இழுத்துப்பிடித்துச் சுண்டுவார்கள். நேரான கோடு விழும். அடுத்து, பக்கவாட்டு உருவத்தை இரு பக்கமும், மேலிருந்து பார்த்த உருவத்தை மேலேயும் வரையுங்கள். செதுக்கச் செதுக்கக் கோடுகள் அழிந்துகொண்டே போகும். ஒவ்வொரு முறையும் நடுக்கோட்டை முதலில் மீட்டுப் போட்டுவிட்டுத்தான் அடுத்த அடி.

பக்கவாட்டு உருவத்துக்கு வெளியே உள்ள கல்லை முதலில் கழியுங்கள். திமிலுக்கு முன்னும் பின்னும் ஹேக்சாவால் அரை செ.மீ. இடைவெளியில் வெட்டுகள் போட்டு, இடையில் நிற்கும் தகடுகளைப் பட்டை உளியால் தட்டினால் சுத்தமாக விழும். மாமல்லபுரத்துக் கட்டங்களின் குட்டி வடிவம் இது. கோட்டுக்கு வெளியே அரை செ.மீ. விட்டு நிறுத்துங்கள்.

உளியை ஏறக்குறைய 45 பாகையில் சாய்த்து, அடியின் திசை எப்போதும் கல்லின் உடம்பை நோக்கி இருக்கட்டும். ஓரத்தை நோக்கி வெளிப்பக்கமாக அடித்தால் ஓரம் சில்லாகப் பெயரும். ஒரே பக்கத்தில் மூழ்கிப்போகாமல் கல்லைச் சுற்றிச் சுற்றி வாருங்கள். தலை மட்டும் முடிந்து உடம்பு கட்டையாக நின்றால், பிறகு அளவு ஒத்துவரவே வராது.

வரிசை இது: திமில், முதுகு, வயிறு ஆகிய பெரிய உருண்டைகள், பிறகு மடங்கிய கால்களும் கழுத்து மடிப்பும், கடைசியில் முகம். கொம்பு தனியாக நிற்க வேண்டாம். தலையோடு ஒட்டிய இரண்டு சிறு மேடுகள் போதும். காதையும் கழுத்தோடு ஒட்டியே விடுங்கள். மூக்குக்கு வேண்டியதைவிடக் கொஞ்சம் அதிகமாகவே கல்லை மிச்சம் வையுங்கள். அதிகமிருந்தால் தேய்க்கலாம், குறைந்தால் முகம் முழுவதையும் பின்னுக்குத் தள்ள வேண்டிவரும். கண்ணைப் பள்ளமாகத் தோண்டாதீர்கள். சுற்றிலும் இறக்கி, விழி மேடாக நிற்கட்டும்; வெளிச்சம் பட்டதும் பார்வை வந்துவிடும்.

ஏதாவது துண்டு உடைந்தால் தூக்கிப்போடாதீர்கள். இரண்டு குழாய் எபாக்சிப் பசையில் அதே கல்லின் பொடியைக் கலந்து ஒட்டி, ஒரு நாள் அசையாமல் விடுங்கள்.

படி 7: மெருகு

முரட்டு அரம், பிறகு நைஸ் அரம், பிறகு 120, 220, 400, 600, 1000 வாட்டர் பேப்பர், எல்லாம் தண்ணீரோடு. முந்தைய எண்ணின் கீறல் முழுசாகப் போகாமல் அடுத்த எண்ணுக்குப் போனால், மெருகேறிய பிறகு அந்தக் கீறல் பளிச்சென்று காட்டிக்கொடுக்கும். ஒவ்வொரு கட்டத்திலும் கல்லைக் காயவிட்டு, சாய்வான வெளிச்சத்தில் பாருங்கள். எல்லா இடத்தையும் மெருகேற்ற வேண்டியதும் இல்லை. உடம்பை வழவழப்பாக்கி, பீடத்தில் உளித் தடத்தை அப்படியே விட்டால் காளை எடுத்துக்காட்டும்.

நன்றாகக் காய்ந்ததும் வெயிலில் வைத்துக் கல்லைச் சூடேற்றி, உருக்கிய தேன்மெழுகைத் துணியால் தேயுங்கள். வெளிறிய சாம்பலாக இருந்த கல் கரும்பச்சைக்கு மாறும். நிறம் இன்னும் ஆழமாக வேண்டுமென்றால் மெழுகுக்கு முன் ஆமணக்கெண்ணெயை மெல்லிசாகத் தடவி, கல் குடித்தது போக மீதியைத் துடைத்துவிடுங்கள்.

கிரானைட்டுக்குப் போகும்போது

மூன்று நான்கு மாக்கல் வேலைக்குப் பிறகு கிரானைட்டில் கை வைக்கலாம், ஆனால் ஆசான் ஒருவரின் பக்கத்தில் உட்கார்ந்து. அங்கே கை வேலை அடியோடு மாறும். மாக்கல்லில் உளியைச் சாய்த்துச் சீவினீர்கள். கிரானைட்டில் உளி நிமிர்ந்து நிற்க வேண்டும், ஒவ்வொரு அடியும் படிகத்தை நசுக்கிப் பொடியாக்க வேண்டும். உளி முனை விரைவில் மழுங்கும். அதனால்தான் பழைய பட்டறைகளில் கொல்லுலை பக்கத்திலேயே இருந்தது. இன்று கார்பைட் முனை உளிகளும், வைர வட்டுப் பொருத்திய கிரைண்டர்களும் பாதி வேலையைச் செய்கின்றன. கிரைண்டர் ஓடும் இடத்தில் தூசி பல மடங்கு, சத்தமும் அப்படியே. அங்கே தண்ணீர் பாய்ச்சாமல் வேலை செய்யவே கூடாது, காதடைப்பானும் வேண்டும்.

முறையாகப் படிக்க விரும்பினால் மாமல்லபுரத்தில் 1957-இல் தொடங்கிய அரசு கட்டடக்கலை மற்றும் சிற்பக்கலைக் கல்லூரி இருக்கிறது. கன்னியாகுமரித் திருவள்ளுவர் சிலையை உருவாக்கிய கணபதி ஸ்தபதி அங்கே முதல்வராக இருந்தவர். 38 அடிப் பீடமும் 95 அடிச் சிலையுமாக 133 அடி உயரத்தில், கற்களை அடுக்கிக் கோத்து எழுப்பி, 2000 ஜனவரி 1 அன்று திறந்தார்கள். கல்லூரியில் சேர முடியாதவர்கள் மாமல்லபுரத்துப் பட்டறைகளில் கேட்டுப் பாருங்கள். போகும்போது நீங்கள் செதுக்கிய காளையையும் எடுத்துக்கொண்டு போங்கள். எந்த இடத்தில் கல்லுக்கு எதிராக அடித்திருக்கிறீர்கள் என்று ஒரு மூத்த சிற்பி அதைத் திருப்பிப் பார்த்த உடனே சொல்லிவிடுவார்.